விசேட தேவையுள்ள பிள்ளையின் படிப்புச் செலவு: எந்தக் கதவைத் தட்டுவது? மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகனுக்கு நாலு வயதாக இருக்கும்போது கிளினிக்கில் வைத்தியர் 'ஓட்டிசம்' என்ற சொல்லை முதன்முதலாகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது கணவரும் நானும் ஒன்றும் பேசவில்லை. பிள்ளை தூங்கிய பிறகுதான் பேசினோம். பேசியதெல்லாம் காசைப் பற்றித்தான். இவனை எங்கே படிக்க வைப்பது, எவ்வளவு போகும், எதை விற்பது.

அடுத்த மாதமே என் காப்புகளை அடகு வைத்து ஒரு தனியார் நிலையத்தில் சேர்த்தோம். எட்டு மாதம் கட்டணம் கட்டினோம். அங்கே அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் "போகப் போகத் தெரியும் அம்மா" என்பார்கள். அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் இருந்த அரச பாடசாலையில் ஒரு விசேட கல்வி அலகு, அதாவது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான தனி வகுப்பு, நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை.

இப்போது அவனுக்குப் பதினொரு வயது. அந்த அலகில்தான் படிக்கிறான். காப்புகளை மீட்க நாலு வருடம் போனது. நான் சுற்றியலைந்து தெரிந்துகொண்டதை, இப்போதுதான் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கும் தாய் தகப்பனுக்காக எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு ஓட்டிசமாக இருக்கலாம், காது கேளாமையாக, பார்வைக் குறைவாக, டவுன் சின்ட்ரோமாக, பெருமூளை வாதமாக இருக்கலாம். போக வேண்டிய கந்தோர்கள் பெரும்பாலும் ஒன்றேதான்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்ளும் ஒரே இடம் எதையும் நான் காணவில்லை. ஆனால் செலவைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதினால், ஒவ்வொரு துண்டுக்கும் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. "பிள்ளையின் படிப்புக்கு உதவி செய்யுங்கள்" என்று கேட்டபோதெல்லாம் வெறுங்கையோடு திரும்பினேன். "போய்வர ஓட்டோச் செலவு மாதம் இவ்வளவு" என்று கேட்டபோது கிடைத்தது.

முதலில் ஒரு கொப்பியில் செலவை எழுதுங்கள்

எங்கள் நாட்டில் அரச பாடசாலையில் கட்டணம் இல்லை. பாடப்புத்தகமும் சீருடையும் இலவசம். விசேட கல்வி அலகும் அப்படித்தான். அப்படியென்றால் காசு எங்கே போகிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் கொப்பி. ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள்.

என் கொப்பியில் இருந்தது இதுதான். ஓட்டோ ஒரு நாளைக்குப் போய்வர 400 ரூபா, மாதத்தில் 20 பாடசாலை நாள் என்றால் 8,000. கிளினிக் நாட்களில் இரண்டு பேருக்கும் பஸ் காசும் சாப்பாடும். அவன் சாப்பிடும் உணவு மற்றப் பிள்ளைகளுடைய உணவு மாதிரி இல்லை என்பதால் அதற்குத் தனிச் செலவு. பம்பர்ஸ். அவன் கிழித்துவிடும் கொப்பிகள், உடைத்துவிடும் தண்ணீர்ப் போத்தல்கள். கடைசியாக, எழுத மறந்தே போயிருந்த பெரிய செலவு ஒன்று: நான் தையல் வேலையை விட்டதால் இல்லாமல் போன வருமானம்.

அந்தக் கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்கள். பாடசாலை வாசலில் மத்தியானம் வரை காத்திருக்கும் தாய்க்குக் கூலி இல்லை என்பதால் அது செலவு இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உதவி கேட்டு எழுதும் கடிதத்தில் அந்த வரி இருந்தால், வாசிக்கிறவருக்கு உங்கள் வீட்டு நிலைமை உடனே விளங்கும்.

பிறகு வைத்திய அறிக்கை

எந்தக் கந்தோருக்குப் போனாலும் முதல் கேள்வி "டொக்டரின் றிப்போட் இருக்கா?" என்பதுதான். அதை எடுக்கக் காசு கொடுக்கத் தேவையில்லை.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமிருந்து தொடங்குங்கள். நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுகிறவர்தான். பிள்ளை பிறந்தபோது தந்த பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேட்டைக் கையில் கொண்டு போங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக அரச வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகள், கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும், அக்கரைப்பற்று, அம்பாறை என்று எது கிட்டவோ அங்கே. தேவையான சிகிச்சை அங்கே இல்லையென்றால் அவர்களே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வாகரையில் இருந்தோ பொத்துவிலில் இருந்தோ வருகிறவர்களுக்கு இது முழுநாள் வேலை. அதனால் ஒரே பயணத்தில் என்னென்ன செய்யலாம் என்று கிளினிக் தாதியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பேச்சுப் பயிற்சிக்கும் பிசியோவுக்கும் வேறு வேறு நாள் போட்டால், தூரத்தைச் சொல்லி ஒரே நாளில் மாற்றித் தரும்படி கேட்கலாம். நான் கேட்டேன், மாற்றித் தந்தார்கள்.

அறிக்கை வாங்கும்போது மூன்று விஷயம் அதில் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்: பிள்ளைக்கு என்ன குறைபாடு, அது நிரந்தரமானதா, அன்றாட வேலைகளுக்கு அவனுக்கு எந்த அளவு உதவி தேவை. மூன்றாவது இல்லையென்றால் கொடுப்பனவுக்குக் கொண்டுபோகும்போது திருப்பி அனுப்புவார்கள். "டொக்டர், சாப்பிடவும் கழுவவும் ஒரு ஆள் உதவி வேண்டும் என்பதையும் எழுதித் தாங்க" என்று கேட்பதில் வெட்கமில்லை.

மூலப் பிரதியை எங்கும் கொடுக்காதீர்கள். பத்துப் போட்டோக் கொப்பி எடுத்து, பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு வையுங்கள். வெள்ளம் வருகிற ஊர்க்காரருக்கு இன்னொன்று: பைலைப் பொலித்தீன் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தும் வையுங்கள்.

பாடசாலையைத் தேடுதல்

செலவு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது இந்த முடிவுதான். அதனால் இதற்கு அவசரப்பட வேண்டாம்.

முதலில் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து வலயங்கள்: மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா. அம்பாறையில் தமிழ் பேசும் ஊர்கள் பெரும்பாலும் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்களுக்குள் வரும். விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் யார், எந்தக் கிழமை கந்தோரில் இருப்பார் என்று முதலே விசாரித்துவிட்டுப் போங்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எங்கட வீட்டுக்குக் கிட்ட எந்தப் பாடசாலையில் விசேட கல்வி அலகு இருக்கு சேர், அங்க பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்காரா?"

அலகு என்பது சாதாரணப் பாடசாலைக்குள்ளேயே நடக்கும் தனி வகுப்பு. அங்கே தயார்படுத்தி, முடிந்த பிள்ளையைச் சாதாரண வகுப்புக்கு மாற்றுவதுதான் நோக்கம். எல்லா அலகும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு காலைப்பொழுது போய் உட்கார்ந்து பாருங்கள். கட்டடத்தையும் சுவரில் உள்ள படங்களையும் விட்டுவிட்டு, அழுகிற பிள்ளையை ஆசிரியர் எப்படிக் கையாள்கிறார் என்று பாருங்கள்.

சில பிள்ளைகளுக்கு அலகே தேவைப்படாது. காது கேட்கும் கருவியோடு, அல்லது முன் வரிசையில் இருந்தால் சாதாரண வகுப்பிலேயே படிப்பார்கள். முதலாம் தரத்துக்கு ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். விண்ணப்பம் முந்தைய வருடத்தின் நடுப்பகுதியிலேயே கோரப்படும். அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

மூன்றாவது வகை, தொண்டு அமைப்புகளும் மத நிறுவனங்களும் நடத்தும் விசேட பாடசாலைகள். மட்டக்களப்பில் காது கேளாத பிள்ளைகளுக்கு வாழ்வோசை இருக்கிறது. பார்வையில்லாத பிள்ளைகளுக்குத் தரிசனம் இருக்கிறது. யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை இருக்கிறது. நாட்டில் இப்படிப்பட்ட பாடசாலைகள் பலவற்றுக்கு அரசு ஆசிரியர் சம்பளத்துக்கு உதவுகிறது. அவற்றை அரச உதவி பெறும் விசேட பாடசாலைகள் என்பார்கள். விடுதி இருக்கிறதா, சாப்பாட்டுக்கு என்ன அறவிடுகிறார்கள், இல்லாதவர்களுக்குக் குறைக்கிறார்களா என்று நேரே கேளுங்கள். விடுதி செலவைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதை, செலவு என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் முடிவு செய்யாதீர்கள் என்று ஒரு தாயாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டணம் வாங்கும் தனியார் நிலையத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றால், பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்: அடுத்த மூன்று மாதத்தில் என் பிள்ளைக்கு எதைப் பழக்கப் போகிறீர்கள்? பழக்குகிறவர் எங்கே பயிற்சி பெற்றவர்? நான் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா? மூன்றுக்கும் நேரான பதில் இல்லையென்றால் திரும்பி வாருங்கள். நான் இந்த மூன்றையும் கேட்கவில்லை.

பிரதேச செயலகம்: அதிகம் நடக்க வேண்டிய இடம்

உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். இனி வரும் வருடங்களில் ஆசிரியருக்கு அடுத்தபடியாக உங்களுக்கு அதிகம் தேவைப்படப்போகும் ஆள் இவர். முதல் வேலை, மாற்றுத்திறனாளியாகப் பிள்ளையைப் பதிவு செய்வது. பல பெற்றோர் இதற்குத் தயங்குகிறார்கள். "பேர் போட்டால் பிறகு கலியாணம் காட்சிக்குக் கரைச்சல்", "தங்கச்சிக்கும் கெட்ட பேர்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். என் மாமியும் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் காலத்தில் பதிந்து ஒரு பயனும் இருக்கவில்லை. ஆனால் இன்று பதியாத பிள்ளைக்கு எந்த உதவியும் வந்து சேராது.

மாற்றுத்திறனாளி கொடுப்பனவு 2025 ஏப்ரல் முதல் மாதம் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் 7,500. இது குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது. பதிந்த உடனே எல்லோருக்கும் கிடைப்பதில்லை, காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பாடசாலை தொடங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அறிக்கை கைக்கு வந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

அஸ்வெசும வேறு, இது வேறு. அஸ்வெசும குடும்பத்தின் நிலைமையைப் பார்த்துக் கொடுப்பது. 2023இல் தொடங்கியது. 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 என்று ஆனது. அஸ்வெசும எடுப்பவர்கள் மாற்றுத்திறனாளி கொடுப்பனவு கேட்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அதை நம்பி வீட்டில் இருந்துவிடாமல், உத்தியோகத்தரிடமே நேரே கேளுங்கள். அஸ்வெசும கணக்கெடுப்புக்கு வருகிறவரிடம் வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருப்பதைக் கட்டாயம் சொல்லிப் பதிய வையுங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய், பிள்ளையை அறைக்குள் வைத்துவிட்டுக் கணக்கெடுப்புக்குப் பதில் சொன்னார். பாவம், அந்தக் கூச்சம் அவருக்குப் பல மாதக் காசை இல்லாமல் செய்தது.

கொடுப்பனவோடு நின்றுவிடாதீர்கள். சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மூக்குக் கண்ணாடி, ஊன்றுகோல், வெள்ளைப் பிரம்பு போன்றவற்றை சமூக சேவைகள் திணைக்களமும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகமும் கொடுக்கின்றன. மருத்துவ உதவி, வீட்டுக்குச் சாய்தளமும் மலசலகூடமும் அமைக்கும் உதவி, பெற்றோருக்குச் சுயதொழில் உதவி, கல்விக்கான உதவி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, "இந்த வருடத்துக்கு இதற்கு ஒதுக்கீடு வந்திருக்கா மிஸ்?" என்று கேளுங்கள். "ஏதாவது உதவி இருக்கா?" என்றால் "இப்ப ஒன்றும் இல்ல தங்கச்சி" என்ற பதில்தான் வரும். ஒதுக்கீடு வருடத்துக்கு ஒருமுறை வருவதால் ஜனவரி, பெப்ரவரியில் ஒருமுறை தலையைக் காட்டுங்கள். கிழக்கு மாகாண சமூக சேவைத் திணைக்களத்துக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. அதையும் இதே உத்தியோகத்தரிடம் கேட்கலாம்.

அதே கட்டடத்தில் இன்னும் இரண்டு விஷயம் விசாரியுங்கள். ஒன்று, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் வழியாக வருவது. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வசதியில்லாத குடும்பங்களுக்குச் 'செவன சரண' என்ற திட்டம் இருக்கிறது. ஓர் ஆதரவாளர் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் அனுப்புவார். அதைப் பற்றி இவரிடம் விசாரியுங்கள். மற்றது ஜனாதிபதி நிதியம். சத்திரசிகிச்சை போன்ற பெரிய மருத்துவச் செலவுகளுக்கு உதவுவது அது. முன்பு கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம்.

எதைக் கொடுத்தாலும் ஒரு பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். அந்தப் பிரதி உங்கள் பைலில் இருக்க வேண்டும். உத்தியோகத்தர் இடமாற்றமாகிப் போவார். புதியவர் வந்து "உங்கட விண்ணப்பம் இங்க இல்லையே" என்பார். எனக்கு அப்படி நடந்து ஒன்றரை வருடம் வீணாகப் போனது. முத்திரை குத்திய பிரதி இருந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

பாடசாலை வழியாக வருபவை

இவை சிறியவை, ஆனால் கேட்டால் கிடைப்பவை. இலங்கை போக்குவரத்துச் சபை பஸ்ஸுக்கு மாணவர் சீசன் எடுத்தால் செலவின் பெரும்பகுதியை அரசு கட்டுகிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே ஓடும் 'சிசு செரிய' பஸ் உங்கள் வழியில் ஓடினால் இன்னும் நல்லது. அஸ்வெசும குடும்பப் பிள்ளைகளுக்கு 2025ஆம் ஆண்டுப் பாடசாலை உபகரணங்களுக்காக 6,000 ரூபா கொடுத்தார்கள். இப்படி வரும்போது அலகில் படிக்கும் பிள்ளைகளின் பெயர் பட்டியலில் விடுபட்டுப் போகாமல் அதிபரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மாணவர் காப்புறுதி 'சுரக்ஷா' பற்றியும் பாடசாலையிலேயே கேளுங்கள். பிள்ளை வைத்தியசாலையில் தங்க நேர்ந்தால் பில்லையும் அட்டையையும் எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.

ஓட்டோச் செலவுக்கு எங்களுக்கு வழி சொன்னது இன்னொரு தாய்தான். ஒரே திசையிலிருந்து வரும் மூன்று பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து ஒரு ஓட்டோ பிடித்தோம். ஆளுக்கு 8,000 போன இடத்தில் 3,500 ஆனது. தாய்மாரில் ஒருவர் முறை வைத்துக் கூடப் போகிறார். வாரத்தில் மூன்று நாள் எனக்குத் தையல் மெஷினுக்கு நேரம் கிடைத்தது. எந்தக் கந்தோரும் தராத உதவி இது. அதனால் அலகில் பிள்ளையைச் சேர்த்த முதல் வாரமே மற்றத் தாய்மாரின் போன் நம்பரை வாங்குங்கள். பிரதேச செயலக மட்டத்தில் சமுதாயம் சார் புனர்வாழ்வுத் திட்டத்தின் கீழ் மாற்றுத்திறனாளிகளின் சுய உதவிக் குழுக்களும் இயங்குகின்றன. அங்கே சேர்ந்தால் எந்த உதவி வந்திருக்கிறது என்ற செய்தி முதலில் காதுக்கு வரும்.

ஊராரிடம் கேட்பது

பள்ளிவாசல்களின் ஸகாத் நிதி, கோயில் பரிபாலன சபை, தேவாலயம், பழைய மாணவர் சங்கம், லயன்ஸ், ரோட்டரி கழகங்கள், கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிற நம் ஊர்க்காரரின் சங்கங்கள். கிழக்கில் கொடுக்கிற மனம் உள்ளவர்கள் நிறைய. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஸகாத்தை ஒழுங்காகச் சேர்த்துப் பகிரும் வழக்கம் இருப்பதால், ரமழானுக்கு முன்பே விண்ணப்பித்து வைப்பது நல்லது என்று அங்குள்ள தாய்மார் சொல்கிறார்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நான் எழுதிப் பலன் கிடைத்த கடிதத்தின் நடுப்பகுதி இது:

"எனது மகன் ஓட்டிசம் உள்ளவர். அரச பாடசாலையின் விசேட கல்வி அலகில் கல்வி கற்கிறார். பாடசாலைக் கட்டணம் எதுவும் இல்லை. வீட்டிலிருந்து பாடசாலைக்குப் பொருத்தமான பஸ் இல்லாததால் ஓட்டோவில் போய்வருகிறார். எங்கள் பங்கு மாதம் 3,500 ரூபா. கணவர் மேசன் வேலை செய்கிறார். மாரி காலத்தில் அவருக்கு வேலை குறைவு. ஆகவே நவம்பர் முதல் பெப்ரவரி வரையான நான்கு மாதங்களுக்கு ஓட்டோச் செலவான 14,000 ரூபாவை உதவியாகக் கேட்கிறேன். பணத்தை ஓட்டோ உரிமையாளரிடமே நேரடியாகச் செலுத்தலாம்."

கேட்ட தொகை சிறியது, எத்தனை மாதம் என்று தெரிகிறது, பணம் என் கைக்கு வரவே தேவையில்லை. அவர்கள் நாலு மாதத்துக்குப் பதிலாக ஒரு வருடத்துக்கே தந்தார்கள். உதவி கிடைத்ததும் மாதாமாதம் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். "இந்த மாதம் 18 நாள் போனான், தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினான்" என்றால் போதும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளை அழுகிறபோது, உடுப்பில்லாமல் இருக்கிறபோது, எச்சில் வடிகிறபோது எடுத்த படத்தையோ வீடியோவையோ முகநூலில் போட்டுக் காசு சேர்த்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள். அவன் வளர்ந்து பெரியவனாவான். அந்தப் படம் அப்படியே இருக்கும். படம் கட்டாயம் வேண்டும் என்றால் நல்ல சட்டை போட்டுத் தலை வாரி, புத்தகத்தோடு இருக்கிற படத்தை நீங்களே கொடுங்கள். முன்பணமாக "பதிவுக் கட்டணம்" கேட்கும் எந்த உதவித் திட்டத்துக்கும் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கடனைப் பற்றி

வாரக் கட்டுப் பணம் கட்டும் குழுக்கடன் நம் மாவட்டங்களில் எத்தனை பெண்களை அழ வைத்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளையின் படிப்புக்காக அந்தக் கடனை எடுக்காதீர்கள். நம் பிள்ளைகளின் படிப்பு ஒன்றிரண்டு வருடத்தில் முடிவதில்லை, கடன் மட்டும் அடுத்த வாரமே வாசலுக்கு வந்துவிடும். கட்டாயம் எடுக்கத்தான் வேண்டும் என்றால் வருமானம் தரும் ஒன்றுக்கு, தையல் மெஷினுக்கோ ஆட்டுக்குட்டிக்கோ, சமுர்த்தி வங்கியில் அல்லது அரச வங்கியில் வட்டியை விசாரித்து எடுங்கள்.

"இடமில்லை" என்று சொன்னால்

"இந்தப் பிள்ளையை எங்களால் பார்க்க முடியாது" என்று ஒரு பாடசாலை எங்களையும் திருப்பி அனுப்பியது. வாசலில் நின்று அழுதேன். சட்டம் என்ன சொல்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரு பிள்ளைக்குக் குறைபாடு இருக்கிறது என்ற காரணத்துக்காகக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுத்துப் பாகுபாடு காட்டக் கூடாது. ஐந்து முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்ற ஒழுங்குவிதி நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

சண்டை பிடிக்க வேண்டாம். அனுமதிக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடனேயே பல இடங்களில் பேச்சு மாறும். மாறாவிட்டால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம், அடுத்து மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு. அதற்கும் பதில் இல்லையென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கின்றன. முறைப்பாடு கொடுக்கக் காசு இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை.

கொடுப்பனவுக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் சத்தமே இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு இப்படி எழுதினால் போதும்: "எனது மகனின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் உள்ளது? கடந்த ஒரு வருடத்தில் அந்தப் பட்டியலிலிருந்து எத்தனை பேருக்குக் கொடுப்பனவு வழங்கப்பட்டது?" தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால், தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுவதும் உங்கள் உரிமை.

அரச உத்தியோகம் பார்க்கும் பெற்றோருக்கு ஒன்று

நீங்கள் ஓய்வூதியம் உள்ள அரச ஊழியர் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் சாதாரணமாகப் பிள்ளைக்குக் குறிப்பிட்ட வயதோடு நின்றுவிடும். உழைக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அந்த வயதுக்குப் பிறகும் தொடரும். ஆனால் பெற்றோர் கண்ணை மூடிய பிறகு, குறைபாடு சிறு வயதிலேயே இருந்தது என்று உறவினர் நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். பிள்ளையின் பெயரும் வைத்திய அறிக்கையும் உங்கள் சுயவிபரக் கோவையில் இப்போதே சேர்ந்திருக்கிறதா என்று உங்கள் கந்தோரில் பாருங்கள். இல்லையென்றால் எந்தப் படிவம் என்று பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேட்டு, பிள்ளை சிறியவனாக இருக்கும்போதே கொடுத்து வையுங்கள்.

இந்த வாரம் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் கொப்பியைத் தொடங்குங்கள். இரண்டு செய்ய முடியும் என்றால், பதிவேட்டை எடுத்துக்கொண்டு மிட்வைஃப் மிஸ்ஸைப் பாருங்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.